படைக்கலம் கொள்ளும் அரசும் ஓடாவியின் கண்ணும்

அரசு படைக்கலம் பெறும் வழி இரண்டு. தன் பட்டறையிலே தானே செய்வித்துக் கொள்வது ஒன்று. பிறர் செய்ததை விலைகொடுத்து வாங்குவது மற்றொன்று. இவற்றுள் எதனை மேற்கொண்ட போதிலும், செய்பவனுடைய தொழில் நுட்பத்தை அவனளவு அறிந்த ஒருவன் அரசின் பக்கத்தில் நிற்றல் வேண்டும் என்பது பழைய உண்மை. கௌடிலியரின் அர்த்தசாத்திரத்து இரண்டாம் அதிகரணத்திலே படைக்கலச்சாலைத் தலைவனுக்கெனத் தனி அத்தியாயம் ஒன்று உண்டு. வேலையின் அளவு, காலம், கூலி என்பவற்றை முன்னரே வரையறுத்து, கைதேர்ந்த தொழிலாளரைக் கொண்டு படைக்கலங்களை அவன் செய்விக்கக் கடவன் என்பது அங்கே விதி. நூலிலே விதி இருந்தது. அரசுகள் அதனை எப்போது போற்றின, எப்போது மறந்தன, மறந்தபோது யாது நேர்ந்தது என்பதே இக்கட்டுரையின் பொருள். இதனை ஆராய்வதற்கு நம் நாட்டுத் துறைமுகம் ஒன்றின் பெயரைத் தாங்கிய கப்பலே நல்ல தொடக்கமாகும்.

இங்கிலாந்தின் வடகீழ்க் கரையிலுள்ள ஹார்ட்டில்பூல் நகரிலே 'திருகோணமலை' என்னும் பெயருடைய பாய்க்கப்பல் ஒன்று இன்றும் மிதக்கின்றது. ஆங்கிலேயர் தம் நாவுக்கிசைய 'டிரிங்கோமலி' என்பர். 1782ஆம் ஆண்டிலே அத்துறைமுகத்துக்கு அப்பால் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் பொருத கடற்போரின் நினைவாக இடப்பட்ட பெயர் அது. இப்போது மிதப்பனவற்றுள் மிகப் பழைய பிரித்தானியப் போர்க்கப்பல் இதுவே. ஆனால் இதனைக் கட்டியவர் ஆங்கிலேயரல்லர். பம்பாயில் வாழ்ந்த பார்சி இனத்தவரான ஜம்ஷெட்ஜி பொமன்ஜி வாடியா என்பவர். மலையாளக் கரையின் தேக்கு மரத்தாலே, ஏறத்தாழ 23,000 பவுண் செலவில் இது கட்டப்பட்டு, 1817ஆம் ஆண்டு ஒக்டோபர் 12ஆந் திகதி நீரில் இறக்கப்பட்டது. கடலரசி எனத் தன்னைப் புகழ்ந்துகொண்ட நாடு, கப்பலுக்காகக் கீழைத்தேயத்து ஓடாவி ஒருவரை ஏன் நாடிற்று? நெப்போலியனோடு நிகழ்த்திய நீண்ட போரிலே இங்கிலாந்தின் ஓக் மரங்கள் அருகிப்போயின என்பது எல்லோரும் கூறும் காரணம். மற்றொரு காரணமும் உண்டு. அதனை விளங்கிக்கொள்ள, மேலும் நூற்றைம்பது ஆண்டுகள் பின்னோக்கிச் செல்லல் வேண்டும்.

1660ஆம் ஆண்டிலே சாமுவேல் பெப்பீஸ் என்பார் இங்கிலாந்துக் கடற்படைச் சபையிலே எழுத்தராக அமர்ந்தார். நாட்குறிப்பு எழுதியவராகவே நம் மாணவர் அவரை அறிவர். கேம்பிரிட்ஜிலே பட்டம் பெற்ற அவருக்குப் பெருக்கல் வாய்பாடு தெரியாது! 1662ஆம் ஆண்டிலே, தமது முப்பதாம் வயதை அணுகிய காலத்தில், கப்பலொன்றில் மாலுமித் துணைவராயிருந்த கூப்பர் என்பவரை அழைத்து அதனைக் கற்றார். இதனை நான் வகுப்பிலே கூறும்போதெல்லாம் பிள்ளைகள் நகைப்பர். நகைப்புக்குரியது அதுவன்று; பட்டமும் பதவியும் பெற்றபின் வாய்பாடு கற்க ஒருவர் உட்கார்ந்தார் என்பதே நினைக்கத்தக்கது. அவ்வாண்டிலேயே வூலிச் கப்பற்றுறையிலிருந்த அந்தனி டீன் என்னும் இளந்தச்சர் அவரைக் காட்டுக்கு அழைத்துச் சென்று, நிற்கும் மரத்தையும் வீழ்த்திய மரத்தையும் எவ்வாறு அளப்பது, விற்பவர் எந்த அளவிலே அரசனை ஏய்ப்பர் என்பவற்றைக் காட்டிக் கொடுத்தார். அன்று தொடங்கி மரவணிகர் கொணரும் பட்டியலை அவர் வாசித்ததோடு அமையவில்லை; மரத்தையும் அளந்தார்.

1677இலே முப்பது புதிய போர்க்கப்பல்களுக்குப் பாராளுமன்றம் பணம் வழங்கிற்று. ஆயின் 1679இல் அரசியற் கலகத்திலே பெப்பீஸும் டீனும் பதவியிழந்து சிறையிற் கிடந்தனர். அவர்களிடத்துக்கு வந்தோர் தொழிலறியாதவர். கட்டிய கப்பல்களைத் துறையிலே காற்றோட்டமின்றி விட்டுவைத்தனர். மீண்டும் பதவி பெற்ற பெப்பீஸ் அக்கப்பல்களினுட் புகுந்து பார்த்தபோது, ஒருநாளும் போருக்குச் செல்லாத கப்பல்களின் அடித்தட்டிலே கைம்முட்டி அளவான காளான்கள் முளைத்திருக்கக் கண்டார். 1686இலே பழுதுபார்க்கத் தனி ஆணைக்குழு அமைக்கப்பட்டது. டீன் இல்லாமல் அது நடவாது. அவரோ தனியார் தொழிலிலே தாம் பெறும் வருவாய் அரசு தரும் ஊதியத்தினும் மிகுதி என்று தயங்கினார். கேட்டதைக் கொடுத்தே அவரை அழைத்தனர். தொழிலறிவுடையோரை அரசின் பக்கத்தில் நிறுத்துவது மலிவான காரியமன்று.

இனி, பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்துக்கு வருவோம். போர் நெருக்கடியிலே 74 பீரங்கிகளையுடைய கப்பல்கள் பலவற்றை ஒரே மாதிரியில் கட்ட இங்கிலாந்து முடிவு செய்தது. மொத்தம் 40. அவற்றுட் பல தனியார் துறைகளில் ஒப்பந்தத்துக்குக் கட்டப்பட்டன. பதமுறாத பச்சை மரமும், விரைந்து முடிக்கும் அவாவும், மேற்பார்வைத் தளர்வும் ஒன்றுகூடின. கப்பற் படையினரே அவ்வகைக் கப்பல்களுக்கு 'நாற்பது திருடர்' எனப் பட்டப்பெயர் சூட்டினர். அரபுக் கதையை நினைந்து இட்ட பெயர் எனினும், திருடர் யாவர் என்பதிலே அவர்களுக்கு ஐயமிருக்கவில்லை.

அதே காலத்திலே பம்பாயில் நிகழ்ந்தது வேறு. அங்கே 1736ஆம் ஆண்டிலே கிழக்கிந்தியக் கும்பனியார் சூரத்திலிருந்து லவ்ஜி நசர்வான்ஜி வாடியா என்னும் ஓடாவியையும் தச்சர் சிலரையும் வரவழைத்தனர். 1750இலே அங்கு உலர்துறை அமைந்தது. லவ்ஜியின் வழிவந்தோர் தலைமுறை தலைமுறையாகத் தலைமை ஓடாவிகளாயினர். அவர்கள் ஒப்பந்தம் எடுத்து இலாபம் தேடும் வணிகராக அங்கே அமரவில்லை; கும்பனியின் ஊதியம் பெறும் உத்தியோகத்தராக அமர்ந்தனர். மரத்தைத் தெரிந்தெடுப்பவர், வரைபடத்தை வாசிப்பவர், தச்சரை ஏவுபவர், பழுதுக்கு விடை சொல்பவர் ஒருவரேயாயினர். ஜம்ஷெட்ஜியின் ஓவியமொன்று இன்றும் இங்கிலாந்திலே உள்ளது. வெள்ளுடை, சால்வை, கையிலே அளவுகருவி, இடையிலே செருகிய வெள்ளி அளவுகோல். சாளரத்துக்கு அப்பால் அவர் கட்டிய 'மிண்டன்' என்னும் கப்பல். வாள் செருகவேண்டிய இடத்திலே அளவுகோல் செருகிய அவ்வோவியத்தை நான் அச்சுப் படியிலேதான் கண்டேன். கண்டபின் மறக்கக் கூடவில்லை.

அவ்வளவுகோலின் மதிப்பு ஒரு விபத்திலே வெளிப்பட்டது. பம்பாயிலே கட்டவேண்டிய கப்பல்களுக்கான வரைபடங்களை ஏற்றிக்கொண்டு 'ஜாவா' என்னும் ஆங்கிலக் கப்பல் இந்தியா நோக்கி வந்தது. 1812 திசெம்பர் 29ஆந் திகதி பிரேசில் நாட்டுக் கரைக்கு அப்பால் அமெரிக்கக் கப்பலாகிய 'கொன்ஸ்டிடியூசன்' அதனைத் தோற்கடித்து அழித்தது. வரைபடங்களும் அழிந்தன. 'திருகோணமலை'க்கு மீண்டும் வரைபடம் எழுதி அனுப்பவேண்டியதாயிற்று. 'வெல்லெஸ்லி' என்னும் 74 பீரங்கிக் கப்பலுக்கோ ஜம்ஷெட்ஜி அவ்வாறு காத்திருக்கவில்லை. தாம் அப்போதுதான் கட்டி முடித்த 'கோர்ன்வாலிஸ்' கப்பலின் வடிவையே கொண்டு அதனைக் கட்டினார். 1815 பெப்ரவரியிலே அது நீரில் இறங்கிற்று.

இங்கே ஒரு நுட்பத்தை வாசகர் கவனிக்க வேண்டும். 'கோர்ன்வாலிஸ்' அந்த 'நாற்பது திருடர்' என்ற மாதிரியிலே கட்டப்பட்ட கப்பலாகும். மாதிரி ஒன்றே, செய்த கை வேறு, பார்த்த கண் வேறு. பம்பாயிற் பிறந்த அவ்விரண்டும் எத்தனை காலம் இருந்தன? 'வெல்லெஸ்லி' 1940ஆம் ஆண்டு செத்தெம்பரிலே தேம்சு நதியில் நின்றபோது ஜெர்மன் விமானக் குண்டுக்கு இரையாயிற்று. 'கோர்ன்வாலிஸ்' தன் முதுமையிலே இறங்குதுறையாகப் பயன்பட்டு, 1957இலேதான் உடைக்கப்பட்டது. நம்மிற் சிலர் பிறந்தபின்னர்!

இதனை முழுதும் மேற்பார்வையின் சிறப்பாகக் கொள்வது நடுவுநிலையன்று. ஓக்கைவிடத் தேக்கு கடல்நீரிலே நெடுங்காலம் நிற்கும். மரத்தின் பெருமையும் கணக்கிற் சேரவேண்டும். மேலும், கும்பனியாரின் கண்காணிப்பு எல்லா இடத்தும் அறத்தோடு நடந்ததன்று. கடற்படைக்குத் தேக்கு வேண்டுமென்று 1806ஆம் ஆண்டிலே கப்டன் வாட்சன் என்பவரை மலையாளக் காடுகளுக்குக் காவலராக நியமித்தனர். இந்தியாவின் முதற் காட்டுக் காவலர் அவர். தேக்கு முழுவதையும் கும்பனிக்கே உரியதாக்கினார். காட்டுடையோரும் மரவணிகரும் குடியானவரும் தம் மரத்தைத் தாம் வெட்டவியலாது தவித்தனர். முறைப்பாடு மிகுந்து, 1823இலே தோமஸ் மன்றோ சென்னையில் ஆளுநராயிருந்தபோது அப்பதவி ஒழிக்கப்பட்டது. மரத்தை அறிந்த கண் மனிதரை அறியாதிருந்தது.

பதமுற்ற மரம், பதமுறாத மரம் என்று எழுதும்போது என் அனுபவம் ஒன்று நினைவுக்கு வருகின்றது. சில ஆண்டுகளுக்கு முன் பாடசாலை ஒன்றுக்கு விஞ்ஞானகூட மேசைகள் வாங்கும் குழுவிலே நானும் ஒருவனாயிருந்தேன். கேள்விப்பத்திரம், மூன்று விலைக்குறிப்பு, கையொப்பம் யாவும் ஒழுங்கே இருந்தன. மேசைகள் வந்திறங்கின. கொட்டாஞ்சேனையைச் சேர்ந்த முதிய ஓடாவி ஒருவர் வேறு வேலையாக அங்கே வந்தவர், மேசையொன்றை விரல் மடக்கித் தட்டிப் பார்த்து, "ஐயா, இது பச்சை மரம், மழைக்காலம் கழிய வெடிக்கும்" என்றார். வெடித்தது. கோப்பிலே ஒரு பிழையும் இல்லை. குழுவிலிருந்த ஐவருள் மரமறிந்தார் ஒருவருமிலர். அவ்வைவருள் நானும் ஒருவன் என்பதை மறைப்பது முறையன்று.

எங்கள் மேசைகளால் நேர்ந்த நட்டம் சிறிது. அதே குறை ஒரு நாட்டின் படைக்கு நேர்ந்ததை இந்தியா சுதந்திரம் பெற்றவுடனே கண்டது. காஷ்மீரப் போர் நடந்துகொண்டிருந்த 1948ஆம் ஆண்டிலே இராணுவத்துக்கு ஜீப் வண்டிகள் அவசரமாகத் தேவைப்பட்டன. இலண்டனிலே உயர் ஸ்தானிகராயிருந்த வி. கே. கிருஷ்ணமேனன் வழியாக, பழுதுபார்த்துப் புதுக்கிய 2,000 வண்டிகளுக்கு ஒப்பந்தம் செய்யப்பட்டது. மூலதனம் மிகச் சிறிதாயிருந்த கம்பனி ஒன்றுடன் செய்த ஒப்பந்தம் அது. தக்க பரிசோதனைப் பத்திரம் இன்றியே பணத்தின் பெரும்பகுதி கொடுபட்டது. சென்னைத் துறைமுகத்திலே 155 வண்டிகள் வந்திறங்கின. ஓடத்தக்கது ஒன்றேனும் இல்லையென இராணுவம் ஏற்க மறுத்தது. அனந்தசயனம் ஐயங்கார் தலைமையில் விசாரணை நடந்தது; பாராளுமன்றக் கணக்குக் குழு கண்டித்தது; 1955இலே அரசு இவ்விடயத்தை முடிந்ததாக அறிவித்தது. மேனன் கையூட்டுப் பெற்றார் என எந்நீதிமன்றிலும் நாட்டப்படவில்லை. அவர் பின்னர் பாதுகாப்பு அமைச்சருமானார். வரலாற்று மாணவனுக்கு இங்கே வேண்டுவது ஒரு மனிதரின் நேர்மை பற்றிய தீர்ப்பன்று. கப்பலேற்றுமுன் ஒவ்வொரு வண்டியின் இயந்திரத்தையும் திறந்து பார்க்கும் அதிகாரமுடைய இயந்திரவியலாளர் சிலர் அத்துறைமுகத்திலே நின்றிருந்தால், தலைமேல் இருந்தவர் எத்தகையவராயினும் இந்த 155 வண்டிகளும் சென்னைக்கு வந்திரா.

இந்தியா அதிலிருந்து கற்றதா? கடற்படை கற்றது எனலாம். இங்கிலாந்தின் கிறீனிச் முதலிய இடங்களிலே கப்பலமைப்புக் கற்று மீண்ட இளைஞரைக் கொண்டு, 1960களிலே கடற்படைக்கெனத் தனி வரைபு அலுவலகம் ஒன்றை அது அமைத்துக்கொண்டது. ஆங்கிலேயரின் 'லியாண்டர்' வகைக் கப்பலை மாதிரியாகக் கொண்டு பம்பாய் மசகான் துறையிலே கட்டிய 'நீலகிரி' 1968 ஒக்டோபர் 23இல் நீரிலிறங்கி, 1972 யூன் 3இல் படையிற் சேர்ந்தது. அவ்வகையில் ஆறு கப்பல்கள். பின்வந்தவற்றிலே சிறிது சிறிதாக மாற்றம் செய்து கை பழகினர். 1983 திசெம்பரிலே சேர்ந்த 'கோதாவரி', இந்தியரே வரைந்த கப்பலாயிற்று. உருசிய ஏவுகணையும் மேலைத்தேயக் கருவியும் ஒரே உடலிலே பொருந்தின. மசகான் துறை 1960 முதல் இந்திய அரசுக்கே உரியது. அவ்வாறிருந்தும் கட்டுமானத்தைப் பார்வையிடக் கடற்படை தன் மேற்பார்வைக் குழுவை அத்துறையிலேயே வைத்தது. செய்வதும் அரசு, பார்ப்பதும் அரசு. எனினும் இரு கையும் ஒரு கையாகிவிடக் கூடாதென்பது அவர்கள் கொண்ட முறை.

வானத்திலே கதை அவ்வளவு இனிதாக முடியவில்லை. ஜெர்மனியின் புகழ்பெற்ற வரைபாளர் குர்ட் தாங்கு 1956இலே பெங்களூர் வந்து 'மாருத்' என்னும் போர்விமானத்தை அமைத்தார். 1961 யூன் 17இல் அது பறந்தது. உடலமைப்புச் சிறந்தது, அதற்கேற்ற வலிய இயந்திரம் கடைசிவரை கிடைத்திலது. எதிர்பார்த்த ஆங்கில இயந்திரத்தின் ஆக்கம் இடையிலே நின்றுபோயிற்று. உடலை அறிந்தோர் நாட்டிலே உருவாகினர். இயந்திரத்தை ஆக்க அறிந்தோர் கடல்கடந்தே இருந்தனர்.

தொழிலறிவு மாத்திரம் போதுமென்று கருதுவோருக்கு 1986ஆம் ஆண்டின் பீரங்கி ஒப்பந்தம் விடை கூறும். சுவீடன் நாட்டுப் போபர்ஸ் கம்பனியிடம் 155 மில்லிமீற்றர் பீரங்கிகள் 410 வாங்க அவ்வாண்டு மார்ச்சு மாதத்திலே ஒப்பந்தமாயிற்று. அடுத்த ஆண்டு ஏப்ரலிலே, தரகு கொடுபட்டதென்று சுவீடன் வானொலி கூறியது. இந்திய அரசியலே அதனால் அதிர்ந்தது. தலைமைக் கணக்காய்வாளரின் அறிக்கை 1989இலே வெளிவந்து தேர்வுமுறையைக் குறைகூறிற்று. பத்தாண்டு கழித்துக் கார்கில் மலைகளிலே அதே பீரங்கி மிகச் சிறப்பாகப் பணியாற்றியது. படைக்கலம் நன்று, அது வந்த வழி நன்றெனச் சொல்ல இயலவில்லை. சென்னை ஜீப்பிலே பொருளைப் பார்க்கும் கண் இல்லை. இங்கே பொருளைப் பார்த்த கண் இருந்தது, ஏட்டைப் பார்க்கும் கண் பிந்தி விழித்தது. அப்பீரங்கி பற்றிய அச்சத்தாலே பின்னர் நெடுங்காலம் இந்திய இராணுவத்துக்குப் புதிய பெரும் பீரங்கி வாங்க அதிகாரிகள் துணியவில்லை என்பது மற்றொரு கேடு. கண்காணிப்பு அளவிறந்து அச்சமாக மாறினால், கையொப்பமிடாதிருப்பதே நேர்மை என்றாகிவிடும்.

இவையெல்லாம் பெரிய நாட்டின் கதைகள். நம் நாடோ கப்பலும் விமானமும் தானே செய்யும் வளமில்லாதது. பெரும்பாலும் பிறர் பயன்படுத்தியதை வாங்கியது. 1950 திசெம்பர் 9இலே அரச இலங்கைக் கடற்படை தோன்றியபோது அதன் முதற்கப்பலாகிய 'விஜய', ஆங்கிலேயர் இரண்டாம் உலகப்போரிலே கண்ணிவாரப் பயன்படுத்திய கப்பல். 1959இலே வந்த 'கஜபாகு', 'மகாசேன' என்னும் இரண்டும் கனடா நாட்டுக் கடற்படையிற் சேவைசெய்து, இஸ்ரேலுக்கு விற்கப்பட்டு, அங்கிருந்து நம்மிடம் வந்தவை. அரசர் பெயர் சூட்டினோம். இரும்பின் வயது பெயரால் மாறாது. புதுப்பொருள் வாங்குவோனுக்கு வேண்டும் அறிவினும் பழம்பொருள் வாங்குவோனுக்கு வேண்டும் அறிவு இருமடங்கு. கொதிகலத்தின் உள்வயிற்றையும் தகட்டின் தேய்வையும் விற்பவன் சொல்லமாட்டான்.

இத்தகைய அறிவு நம்மவர்க்கு அந்நியமானதன்று. வல்வெட்டித்துறையிலே நம் ஓடாவிமார் கட்டிய 'அன்னபூரணி' என்னும் பாய்க்கப்பலை வாங்கியவர் றொபின்சன் என்னும் அமெரிக்கர். பாய்மரக் கலத்திலே உலகைச் சுற்றி வந்தவர். அவர் விலைக்குறிப்பை நம்பி வாங்கவில்லை. கப்பலை அறிந்து வாங்கினார். தம் மனைவியின் பெயரை அதற்கு இட்டார். 1938இலே அது அத்திலாந்திக் கடந்து மசச்சூசெட்ஸ் மாநிலத்துக் குளோஸ்டர் துறையை அடைந்தது. கடற்படை தொடங்கப்பட்டபோது வல்வெட்டித்துறை ஓடாவியொருவரையேனும் யாரும் கலந்தாலோசித்ததாக நான் எங்கும் வாசித்திலேன்.

இலங்கையிலே அரசின் கணக்கை ஆராயும் பதவி 1799 முதல் உண்டு. ஆசியாவிலே பழையவற்றுள் ஒன்று. பாராளுமன்ற அரசாங்கக் கணக்குக் குழுவும் உண்டு. 2018ஆம் ஆண்டின் தேசிய கணக்காய்வுச் சட்டம் கணக்காய்வாளர் நாயகத்தின் அதிகாரத்தை விரிவாக்கிற்று. ஆனால் கணக்காய்வு என்பது பணம் போனபின் வரும் அறிவு. உக்ரெயினிலிருந்து 2006இலே நான்கு மிக்-27 விமானங்கள் வாங்கியமை பற்றிய விசாரணை ஆண்டுக்கணக்காக நீண்டதை யாவரும் அறிவர். அதன் குற்றங்குறையை முடிவு செய்வது நீதிமன்றின் வேலை. நான் அதனுட் புகேன். வாங்கப்பட்ட விமானங்கள் எவ்வாண்டிற் செய்யப்பட்டவை, அவற்றின் எஞ்சிய ஆயுள் எத்துணை என்னும் வினாக்கள், அவை வந்திறங்கிய பின்னரே பத்திரிகைகளிலும் சபையிலும் எழுந்தன என்பதை மாத்திரம் குறிக்கின்றேன். அவை வாங்குமுன் எழவேண்டிய வினாக்கள். எழுப்ப வல்லவர் பொறியியலாளர், கணக்கரல்லர்.

இலங்கைப் பல்கலைக்கழகத்திலே பொறியியற் பீடம் 1950இலே கொழும்பில் தொடங்கிற்று. நம் கடற்படை தோன்றிய அதே ஆண்டு. அங்கே கற்றுத் தேறியவர் பலர் பாலம் கட்டினர், நீர்மின் நிலையம் அமைத்தனர், பின்னர் இலண்டனுக்கும் மெல்பணுக்கும் சென்றனர். வெள்ளவத்தையிலே என் வீதியில் மாத்திரம் அவ்வாறு சென்றோர் நால்வரை நான் எண்ணிச் சொல்வேன். டீன் தயங்கியதற்கும் அவர்கள் சென்றதற்கும் காரணத்திலே பெரிய வேற்றுமை இருந்ததாகத் தோன்றவில்லை; அழைத்தவர் கேட்டதைக் கொடுத்தார், நம் அரசு கொடுக்கவில்லை.

'திருகோணமலை' 1897இலே தனியார் கைக்கு விலையாகி, 'பூட்றொயான்' என்னும் புதுப்பெயரோடு நெடுங்காலம் பயிற்சிக் கப்பலாயிருந்தது. 1987இலே ஹார்ட்டில்பூலுக்குக் கொண்டுவரப்பட்டுப் புதுக்கும் வேலை தொடங்கிற்று. பத்து ஆண்டுகளுக்கு மேல் நடந்த அவ்வேலையிலே தட்டுத் தட்டாகத் திறந்து பார்த்தவர்கள், பம்பாயிலே பொருத்திய தேக்கு மரத்தின் பெரும்பகுதி உறுதி குன்றாதிருப்பதைக் கண்டனர். 1992இலே அதன் பழைய பெயரை மீண்டும் அதற்கு இட்டார்கள்.